வாலாட்டும் டிரெய்லருக்கு ஏற்ற வண்டி

அன்பு மகளுக்கு,

பேசாமல் இருந்தது போதும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். இங்கே உன் அம்மா சுகம், மாடிப்படி ஏறும்போது மட்டும் அவளுடைய முழங்கால் வழக்கம்போல முணுமுணுக்கிறது, நான் மூக்குக்கண்ணாடி மாற்றியிருக்கிறேன், மற்றபடி உடம்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மனதில் சொல்ல நிறைய இருக்கிறது, அதற்கு இதோ வருகிறேன். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, தரையில் இருக்கும் நேரத்தில் பத்திரமாகவும் தரையில் இல்லாத நேரத்தில் அதைவிடப் பத்திரமாகவும் இருப்பாய் என்று நம்புகிறேன். கடிதம் போய்ச் சேர ஒரு வாரம் ஆகும் என்று தபால் அலுவலகத்தில் சொன்னார்கள். மாதக் கடைசியில்தான் நீ அந்த என்ஜின் இல்லாத கிளைடர் விமானத்தை டிரெய்லரில் ஏற்றி மலைப்பாதையைத் தாண்டிப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். அதற்குள் கிடைத்துவிடும். கிடைத்ததும் நின்றபடியே படித்து மேஜையில் போட்டுவிடாதே, உட்கார்ந்து படி.

முதலில் குறையைச் சொல்லித் தீர்த்துவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் முழுக்க அது குறுக்கே வந்து நின்றுகொண்டிருக்கும். நீ கிளைடர் ஓட்டக் கற்றுக்கொள்வதை உன் அம்மாவிடம் சொன்னாய், பிறகு சோபாக் கடை வைத்திருக்கும் உன் மாமாவிடம் சொன்னாய், அவன் கடைக்கு மெத்தை வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னான், அதற்கும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் ஒருநாள் உன் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது நீ, “அப்பாகிட்ட இப்போ சொல்லாதம்மா, உடனே பேப்பரை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பிச்சுடுவார்” என்று சொன்னதை நான் சமையலறை வாசலில் காலித் தம்ளரோடு நின்று கேட்டேன். அன்றிலிருந்து உன் போன் வந்தால் நான் பால்கனிக்குப் போய்விடுகிறேன். நம் பால்கனிச் செடிகள் இவ்வளவு செழிப்பாக இருப்பதற்கு வேறு காரணம் இல்லை, நீ அடிக்கடி போன் செய்கிறாய், நான் அடிக்கடி தண்ணீர் ஊற்றுகிறேன். இதை நான் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமையும் பால்கனியில்தான் இருந்தேன். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. நீ சிரித்துக்கொண்டே சொன்னது முழுவதும் காதில் விழுந்தது. “டிரெய்லர் நாய்க்குட்டி மாதிரி வாலாட்டுச்சும்மா. ஒரு பெரிய லாரி என்னைத் தாண்டிப் போச்சு, அப்புறம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு ஆட ஆரம்பிச்சது. பிரேக்கை அழுத்தினேன், இன்னும் ஜாஸ்தியா ஆடுச்சு. அப்புறம் மேடு வந்தது, வேகம் குறைஞ்சது, அதுவா அடங்கிடுச்சு.” உன் அம்மாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்திருந்த உன் மாமாவும் சிரித்தான். நான் மட்டும் நீர்வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். மேடு வந்தது என்றாயே, அந்த இடத்தில் இறக்கம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நம் வீட்டில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. உன் மாமா போனுக்கு அருகில் வாயைக் கொண்டுபோய், “உன் கார் சின்னதும்மா, அதான் ஆடுது. உசரமா, கனமா ஒரு ஜீப் வாங்கிப் போடு. மேல உட்கார்ந்தா ராஜா மாதிரி இருக்கும், டிரெய்லர் கம்முனு பின்னாடி வரும்” என்றான். நீயும் ஒரு ஜீப்பைப் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாய். விமானத்தள மெக்கானிக் தன் பழைய நீளக் காரை விற்கத் தயாராக இருக்கிறார், ஆனால் அது பிணம் ஏற்றும் வண்டி மாதிரி இருக்கிறது, உள்ளே நாய் வாடை வேறு என்றாய். உன் மாமா, “சீ, அது எதுக்கு” என்றான். விஷயம் முடிந்துவிட்டது.

உன் மாமா வண்டியையும் சோபாவையும் ஒரே மாதிரிதான் பரிசோதிப்பான். உட்கார்ந்து இரண்டு தடவை குதித்துப் பார்ப்பான். அதே வீட்டில், அதே நேரத்தில், கதவுக்கு அந்தப் பக்கம், பின்னால் பாரம் கட்டிய வண்டிகளைச் சோதனைத் தடத்தில் ஓட்டி ஓட்டியே தலை நரைத்த ஒருவன் நின்றுகொண்டிருந்தான். அவனைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, பழகிவிட்டது. அலுவலகத்திலும் இதே கதைதான் நடந்தது. எங்கள் வண்டிச் சோதனைக் கூடத்தில் ஒரே ஒரு விதி நான் சேர்ந்த நாளிலிருந்து இருந்தது, வண்டியை யார் ஓட்டிப் பார்த்தாரோ அவர்தான் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும், மேலதிகாரியாக இருந்தாலும் ஸ்டியரிங்கைத் தொடாதவர் பேனாவைத் தொடக் கூடாது. புது டைரக்டர் வந்தார், வேறொருவன் ஓட்டிய வண்டிக்கு என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். மாட்டேன் என்றேன். “ஒரு கையெழுத்துதானே சார், அதுக்கு ஏன் இவ்ளோ முறைப்பு?” என்றார். இப்போது நான் உதிரிபாகக் கிடங்கில் ஏர் ஃபில்டர்களுக்குக் காவல் இருக்கிறேன், எனக்குக் கீழே இருந்தவன் என் நாற்காலியில் குஷன் போட்டு உட்கார்ந்திருக்கிறான். குஷன்கூட உன் மாமா கடையில் வாங்கியதுதான்.

ஆகவே உன் மாமாவின் ஜீப்பை அவன் கண் முன்னாலேயே குப்புறக் கவிழ்த்துக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு என் தொப்பையைக் குத்திக் காட்டுவதற்காகவே அவன் ஒரு ட்ரெட்மில் வாங்கிக் கொடுத்தானே, உன் அம்மா துணி காயப்போடும் அதுதான், அதிலிருந்து துணிகளை எடுத்துவிட்டுச் சுத்தம் செய்தேன். ஓடும் பட்டை சாலை, அதன் மேல் நிற்கும் பொம்மை வண்டி ஓடுகிற வண்டி. மரச்சட்டத்தில் இரண்டு வண்டி செய்தேன். ஒன்று ஜீப், குட்டையாக, உயரமாக, பின்னால் மாற்றுச் சக்கரம் தொங்குவதற்கு இடம் விட்டு அதற்கும் பின்னால் டிரெய்லரை மாட்டும் கொக்கி. இன்னொன்று மெக்கானிக்கின் நீளக் கார், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நல்ல இடைவெளி, தாழ்வாக, பின் சக்கரத்தை ஒட்டியே கொக்கி. டிரெய்லருக்கு, டியூப்லைட் வந்த நீள அட்டைப்பெட்டியை வெட்டி நடுவுக்குச் சற்றுப் பின்னால் சக்கரம் வைத்தேன். உள்ளே எடைக்குக் கிடங்கிலிருந்து பழைய நட்டுகள். வண்டியின் மூக்கில் நூல் கட்டி ட்ரெட்மில்லின் கைப்பிடியில் முடிந்தேன். உன் மாமா வந்து பார்த்துவிட்டு, “அத்தான், இதுக்கு நீங்க அதுல நடந்திருக்கலாம்” என்றான். “உட்காரு மாப்ள, உன் ஜீப்பு ஓடப் போகுது” என்றேன்.

மெதுவாக ஓடவிட்டு ஒரு பென்சிலால் டிரெய்லரின் பின்பக்கத்தை லேசாகத் தட்டினேன், லாரி தாண்டும்போது அடிக்கும் காற்று அது. இரண்டு வண்டியிலும் கொஞ்சம் ஆடி அடங்கியது. வேகத்தைக் கூட்டினேன். நீளக் கார் அப்போதும் அடக்கியது. ஜீப்பைத் தட்டியபோது டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஜீப்பின் முதுகைப் பிடித்து இழுத்து, கடைசியில் ஜீப்போடு சேர்ந்து பட்டையை விட்டு வெளியே உருண்டது. ஏன் என்று கேள். கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளினால் நகராது, கைப்பிடியில் தள்ளினால் ஒரு விரலுக்குத் திறக்கும் அல்லவா, வண்டியின் பின் சக்கரத்துக்கும் கொக்கிக்கும் இடையில் இருக்கும் நீளம்தான் டிரெய்லர் பிடித்துத் தள்ளும் கைப்பிடி. அது எவ்வளவு நீளமோ அவ்வளவு எளிதாக டிரெய்லர் உன் வண்டியைத் திருப்பும். முன் பின் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் நீளம் அதை எதிர்த்து நிற்கும் பலம். உன் டிரெய்லர் எடையில் பெரியது இல்லை, ஆனால் பஸ் நீளத்துக்கு இருக்கிறது, பக்கவாட்டில் காற்று பிடிக்க ஒரு சுவரே இருக்கிறது. உயரத்தில் உட்கார்ந்தால் ராஜா மாதிரி இருக்கலாம், கவிழும்போதும் உயரத்திலிருந்துதான் கவிழ வேண்டும். இதையெல்லாம் உன் மாமாவிடம் சொன்னபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்கப் பார்க்கவில்லை.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் சின்னதாக இருந்திருக்கும், நீளக் காரை வாங்கு என்று எழுதி முடித்திருப்பேன், நீயும் அதை வாங்கி அந்த மலைப்பாதையிலும் அதே போல ஆடியிருப்பாய். உன் மாமா தோற்றவன் பேசுவது போல, “சாமான் எதுவும் ஏத்தாம ஓட்டுறீங்க அத்தான், அவ கூட எவ்வளவு மூட்டை முடிச்சு போகும்” என்றான். அதுவும் நியாயம்தான் என்று பட்டது. உன் அம்மா மீதி நட்டுகளை ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள், நீயே ஏற்று என்று அவளிடம் சொன்னேன். அவள் அட்டைப்பெட்டியின் பின்மூடியைத் திறந்து, எல்லாவற்றையும் அந்த வாசலிலேயே வைத்து மூடினாள். ஓடவிட்டேன். பென்சிலைக் கொண்டுபோகக்கூட இல்லை, பக்கத்தில் ஃபேன் காற்று பட்டதற்கே டிரெய்லர் ஆட ஆரம்பித்தது. நீளக் கார், நான் இழைத்து இழைத்துச் செய்த நீளக் கார், ஜீப் விழுந்த வேகத்துக்கு வெகு முன்பாகவே தூக்கி எறியப்பட்டுச் சோபாவுக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டது. எனக்குக் கோபம் வந்தது. “எதுக்கு எல்லாத்தையும் கடைசியில கொண்டுபோய் வச்ச?” என்றேன். “இதென்னங்க கேள்வி? கதவு எங்க இருக்கோ அங்கதானே சாமான் வைப்பாங்க. பெட்டிக்குள்ள தவழ்ந்து போயா வைக்க முடியும்?” என்றாள்.

இந்த வாக்கியம் என் தலையில் அன்று மாலை முழுக்கச் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு உன் அம்மாவின் போனை வாங்கினேன், எதற்கு என்று கேட்டாள், செடிக்கு வெயில் பார்க்க என்று சொன்னேன், அவள் நம்பவில்லை. நீ அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் முதல் தடவையாகப் பார்த்தேன். டிரெய்லரின் பின்கதவு திறந்திருக்கும் படத்தைப் பெரிதாக்கினேன். கிளைடரை வால் முன்னாலும் நீ உட்காரும் கூண்டு பின்னாலுமாகத்தான் உள்ளே தள்ளுகிறீர்கள், அதுவே எனக்குப் புதிய செய்தி. அதனால் கனமான பாகம் ஏற்கெனவே பின்பக்கம் இருக்கிறது. அதற்கும் பின்னால், கதவை ஒட்டி, இரண்டு நீலப் பெட்டிகள், பேட்டரிகள், இறக்கையைத் தாங்கும் இரும்புக் கால்கள், பாராசூட் பை, தண்ணீர்க் கேன். உன் அம்மா ஏற்றியது போலவே நீயும் ஏற்றியிருக்கிறாய். அடுத்த படத்தில் நீ டிரெய்லரின் மூக்கை, கொக்கியில் மாட்டும் முன்முனையை, ஒரே கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய். உன் அம்மா இதை எதிர்வீட்டுக்காரர்களுக்கெல்லாம் காட்டி, “பாருங்க, எம்பொண்ணு ஒத்தக் கையால தூக்குறா” என்று பெருமைப்பட்ட படம். கண்ணு, அது உன் பலம் இல்லை. மூக்கில் எடையே இல்லை. அந்த டிரெய்லர் கொக்கியின் மேல் உட்காரவே இல்லை, எப்போது எழுந்து ஓடலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை, உன் அம்மா வந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

மறுநாள் நட்டுகளை முன்பக்கம் தள்ளி மறுபடி ஓட்டிப் பார்த்தேன், நீளக் கார் என்னால் கூட்ட முடிந்த வேகம் வரை நின்றது. பேராசையில் எல்லாவற்றையும் மூக்கிலேயே திணித்தும் பார்த்தேன், அப்போது காரின் பின்பக்கம் அமுங்கி முன் சக்கரங்கள் லேசாகி ஸ்டியரிங் பேச்சைக் கேட்காத கார் ஆகிவிட்டது, அதுவும் கூடாது. நேர்மைக்காக இன்னொன்றையும் எழுதித் தொலைக்கிறேன், பாரம் ஒழுங்காக ஏற்றிய டிரெய்லரை இழுத்த ஜீப், தப்பாக ஏற்றியதை இழுத்த நீளக் காரைவிட நன்றாகவே போனது. உன் மாமா துள்ளிக் குதித்து, “அப்ப என் ஜீப்பு பாஸா அத்தான்?” என்றான். “பாதி பாஸ்” என்றேன். அவன் அதைக் கடையில் போய் முழு பாஸ் என்று சொல்லியிருக்கிறான்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. வண்டி வாங்கும் முன் அதன் பதிவுப் புத்தகத்தில் எவ்வளவு எடை இழுக்கலாம், கொக்கியின் மேல் எவ்வளவு எடை உட்காரலாம் என்று பார், டிரெய்லரின் மூக்கிலும் ஒரு தகடு இருக்கும், இரண்டில் எது குறைவோ அதுவே உன் எல்லை. டிரெய்லர் முழுப் பாரத்தோடும் வண்டியைவிட நன்றாகவே லேசாக இருக்க வேண்டும். விற்பவரிடம் டேப் கேட்டு வாங்கி, முன் பின் சக்கரங்களுக்கு நடுவிலும், பின் சக்கரத்திலிருந்து கொக்கி வரையிலும் நீயே அள, சிரித்தால் சிரிக்கட்டும். மெக்கானிக்கின் கார் என் கண்ணுக்குச் சரியாகத் தெரிகிறது, ஆனால் டயரின் பக்கச்சுவரை விரலால் அழுத்திப் பார், கொழகொழவென்று இருந்தால் புது டயர் போட்டால்தான் வாங்குவேன் என்று சொல், முழுப் பாரத்துக்கு உரிய காற்றழுத்தம் எவ்வளவு என்று கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும், அந்த அளவுக்குக் காற்றுப் பிடி. நாய் வாடைக்குக் கதவைத் திறந்து வெயிலில் நிறுத்து. பிறகு நீலப் பெட்டிகள், பேட்டரி, தண்ணீர் எல்லாவற்றையும் டிரெய்லரை விட்டு எடுத்துக் காருக்குள், பின் சீட்டுக்குக் கீழே தாழ்வாக வை. இரும்புக் கால்களை டிரெய்லரின் முன்பக்கம் கட்டு, அதற்காகத் தவழ்ந்துதான் போக வேண்டுமென்றால் தவழ்ந்து போ. குளியலறையில் எடை பார்க்கும் மெஷினைச் சமதரையில் வைத்து, அதன் மேல் ஒரு கட்டையை நிறுத்தி டிரெய்லரின் மூக்கைக் கொக்கி உயரத்தில் அதில் உட்கார வை, உன் எல்லைக்குச் சற்றுக் கீழே காட்ட வேண்டும். ஆட்டத்தை அடக்கும் கொக்கி என்று ஒன்று கடையில் விற்பார்கள், நல்லதுதான், ஆனால் பாரத்தைச் சரிசெய்த பிறகு மாட்டு, அதற்கு முன் மாட்டினால் அது நோயை மறைக்கும் மாத்திரை. இத்தனைக்கும் பிறகும் ஆடினால் பிரேக்கை அழுத்தாதே, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடு, ஸ்டியரிங்கை நேராகப் பிடி, எதிர்த்துத் திருப்பப் பார்க்காதே. இறக்கத்தில் நுழைவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடு, நுழைந்த பிறகு இல்லை.

இனி எனக்குத் தெரியாதவற்றைக் கேட்கிறேன், பதில் எழுதினால் எழுது. அன்று ஆடியபோது ஸ்டியரிங் கையில் எப்படி இருந்தது, லேசாகவா, இழுத்ததா? ஆட்டம் லாரி உன்னை எட்டும்போதே தொடங்கியதா, தாண்டிய பிறகா? கிளைடரை ஏன் வால் முன்னால் தள்ளுகிறீர்கள், இறக்கைகளின் அடிப்பாகமும் பின்பக்கம்தான் வருமா? இன்னொன்று, இதற்கும் வண்டிக்கும் சம்பந்தமில்லை. என்ஜின் இல்லாத ஒன்று மேலே போய் மணிக்கணக்கில் எப்படி நிற்கிறது என்று எனக்குப் புத்தகத்தில் தெரியும். உன் கிளைடரை மேலே இழுத்துப் போன விமானத்தின் கயிற்றை நீ விடுவிக்கிற அந்த நொடியில் சத்தம் நின்றுவிடுமா, அல்லது வேறு சத்தம் கேட்குமா? நீ சொன்னபடி நான் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதில் இது வரவில்லை.

வேறு செய்தி ஒன்றும் இல்லை. எதிர்வீட்டில் வெள்ளை அடிக்கிறார்கள். உன் அம்மா உனக்குப் பின்னிய ஸ்வெட்டர் ஒரு கை நீளமாக வந்துவிட்டது, வந்தால் ஒன்றும் சொல்லாமல் போட்டுக்கொள். ட்ரெட்மில்லில் மறுபடி துணி காய்கிறது. நீ போகிற இடமெல்லாம் டிரெய்லர் உன் பின்னாலேயே வரட்டும், உன் பக்கத்தில் வந்து முகத்தைக் காட்ட வேண்டாம், நீ எவ்வளவு உயரம் போனாலும் இறங்கும் இடம் சமதரையாக இருக்கட்டும். எடை மெஷினை மறந்துவிடாதே, அதை மட்டுமாவது செய்.

கடைசியில் என் பெயரைப் போடப் பேனாவை வைத்தேன், எடுத்துவிட்டேன். நான் ஓட்டியது ட்ரெட்மில்லில் ஓர் அட்டைப்பெட்டியை. அந்த மலைப்பாதையில் ஓட்டப் போவது நீ. ஓட்டாத வண்டிக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை, அதற்காக நாற்காலியையே விட்டவன், உனக்காக மட்டும் விதியை மாற்ற முடியாது. உன் அம்மா தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்து, “பேர் போடாம அனுப்பினா யார் எழுதினதுன்னு அவளுக்கு எப்படிங்க தெரியும்?” என்கிறாள். இவ்வளவு கணக்கு இருக்கிறதே, தெரியும் என்றேன். கீழே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கி வண்டியை நிறுத்தியதும், டிரெய்லர் ஆடவில்லை என்றால் அந்தக் கோட்டின் மேல் உன் கையெழுத்தைப் போட்டு எனக்குத் திருப்பி அனுப்பு. இதை இப்படியே, கையெழுத்து இல்லாமலே, தபாலில் சேர்க்கப் போகிறேன்.

_______________